பேசக்கூடாத ஒட்டகம்

அண்ணாச்சி, ஜன்னலோரம் நீங்களே இருங்கள், எனக்குக் காற்று வேண்டாம். காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், மடியில் தலை இருக்கிறது. பதறாதீர்கள், ஒட்டகத் தலைதான். துண்டை விலக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். ஐயோ, மூக்கில் கை வைக்காதீர்கள்! அது கழன்றால் இதைக் கட்டின பெப்பி என் மூக்கைக் கழற்றிவிடுவாள்.

சிரிக்கிறீர்களே. கண்டக்டரும் இப்படித்தான் சிரித்தார். "இதென்னடே, டைனோசரா? டைனோசருக்கு லக்கேஜா, அரை டிக்கெட்டா?" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், "படியில நிக்காதீய, உள்ள தள்ளிப் போங்க, உள்ள எம்புட்டு எடம் கெடக்கு!" என்று ஒரு சத்தம் வந்ததல்லவா? பஸ்ஸே உள்ளே நகர்ந்ததல்லவா? அது அவர் இல்லை. நான். அவரே ஒரு எட்டு உள்ளே தள்ளிப் போனார், கவனித்தீர்களா?

என் பெயர் கிளீட்டஸ். பிளஸ் ஒன் படிக்கிறேன், படிக்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். தூத்துக்குடியில் கப்பல்காரத் தெரு. மணப்பாட்டில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு எங்கள் ஒட்டகத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். உடம்பு லோடு ஆட்டோவில் முன்னால் போய்விட்டது, பெப்பியும் அதன் கூடவே போய்விட்டாள். தலையை மட்டும் என் கையில் கொடுத்து, "இது மடியிலதான் வரணும். ஆட்டோ குலுக்கும்" என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. பெர்பெத்துவா என்று அவ்வளவு நீளப் பெயரை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் நாலு வார்த்தை.

இறங்க நேரம் இருக்கிறது. எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் கோயிலில் லியோன் சாமியார் என்று ஒருவர். குரல் இருக்கிறதே, கண்டாமணி. ஆனால் எந்த வாக்கியத்தையும் தொண்டையைச் செருமாமல் தொடங்கமாட்டார். "ம்ஹ்ஹம்... அன்பார்ந்த இறைமக்களே!" ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் உள்ளே உடை மாற்றப் போனார். மைக் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு அரிக்கும். "ம்ஹ்ஹம்... அன்பார்ந்த இறைமக்களே! இன்று மறைக்கல்வி வகுப்பு கிடையாது. பிள்ளைகள் அனைவரும் கடற்கரைக்குச் சென்று நன்றாக விளையாடவும். பெற்றோர் யாரும் அடிக்கக்கூடாது." பிள்ளைகள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தது. சாமியார் ஒரு கை மாட்டியும் மறு கை மாட்டாமலும் அங்கியோடு ஓடி வந்தார்.

அங்கேயே, எல்லார் முன்னாலும் தண்டனை. "ம்ஹ்ஹம்... கிளீட்டஸ்! கிறிஸ்துமஸ் பெருநாள் முடியிற வரைக்கும் கோயில் வளாகத்துக்குள்ள உன் வாயிலேர்ந்து இன்னொரு மனுஷனோட குரல் வரக்கூடாது. ஒரே ஒரு தடவை வந்தாலும், உங்க தெருக் குடில் போட்டியில கிடையாது. உன்னால உன் தெருவே வெளியே. புரியுதா?"

"ம்ஹ்ஹம்... புரியுது சாமி" என்றேன். பழக்கதோஷம், அவர் குரலிலேயே வந்துவிட்டது. அதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நல்ல மனுஷன்.

குடில் போட்டி என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குத் தெரு மாட்டுக்கொட்டகை கட்டி, குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒட்டகத்தில் மூன்று ராஜாக்கள் எல்லாம் வைப்போம். ஜெயிக்கிற தெருவுக்குச் சுழல் கேடயம். அந்தக் கேடயம் வருஷா வருஷம் வலைக்காரத் தெருவுக்கே சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த வருஷம் விடுவதில்லை என்று தெருவே கங்கணம் கட்டியிருந்த நேரத்தில்தான் என் வாயால் இந்த வில்லங்கம். குடில் குழுவிலிருந்து என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அதற்கு மேல் இன்னொரு இடி. பரணிலிருந்து பழைய ஒட்டகத்தை இறக்கினால், பாதியைக் காணோம். காகிதக்கூழ் ஒட்டகம், எலி தின்றிருக்கிறது. மூன்று ராஜாக்களும் நடந்தா பெத்லகேம் போவார்கள்? கடையில் வாங்கி வைப்பதும் கூடாது, தெருவில் கிடைப்பதை வைத்துத்தான் செய்யவேண்டும் என்பது போட்டி விதி. எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பெப்பி சொன்னாள்: "நான் செய்யுதேன்."

"எதுல?"

"பிளாக்ஸ்ல."

ஒன்றின் தலையில் ஒன்றைக் குத்தி மாட்டுவார்களே, அந்த பிளாஸ்டிக் கட்டைகள். எங்கள் தெருவில் அதற்குப் பஞ்சமே கிடையாது அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு ஆண்கள் கப்பலில். ஒவ்வொரு தடவை வரும்போதும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு பிளாக்ஸ் பெட்டி வரும். வந்த நிமிஷமே அம்மாக்காரி பிடுங்கி ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடுவாள். "அழுக்காக்கிருவீய! பெருசானதுக்கப்புறம் வெளையாடலாம்!" பெருசானதும் யார் அதை வைத்து விளையாடுவார்கள்? கண்ணாடிக்குள்ளேயே இருந்து இருந்து பெட்டிப் படம் வெளுத்துப் போகும். தெருவில் கட்டைகள் மலையாக இருந்தன, எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். கேட்டால் ஒருத்தியும் தரமாட்டாள்.

என்னிடம் யோசனை இருந்தது. சாமியார் சொன்னது கோயில் வளாகத்துக்குள்தானே? என் வீட்டு மொட்டை மாடி கோயில் வளாகமா?

அம்மாவின் பழைய போனை எடுத்தேன். அதிலிருக்கும் சிம்மின் எண் யாருக்கும் தெரியாது. அம்மா முன்பு பாடகர் குழு ஒத்திகைக்குத் தெருப் பெண்களைக் கூப்பிடத்தான் வைத்திருந்தாள். கப்பலிலிருந்து கூப்பிட்டால் தினம் ஒரு விநோத எண் வரும், ஆகையால் எண்ணை எவள் பார்க்கப்போகிறாள்? முதலில் ஃபிலோமி சித்திக்கு அடித்தேன். அவள் வீட்டுக்காரருக்கு மூக்கால் வரும் குரல். "ஏளா ஃபிலோமி, நான்தான். அந்த பிளாக்ஸ் பெட்டியைப் பெப்பிகிட்ட குடுத்துரு, குடிலுக்கு வேணுமாம்." அவள் ஒரு மாதிரி இருமினாள். "சரிங்க, குடுத்துருதேன். அப்படியே அம்மாகிட்டச் சொல்லிருங்க, மாவு சலிக்க வாங்கிட்டுப் போன சல்லடை இன்னும் வரல" என்றாள். கப்பலில் இருக்கிற புருஷனிடம் சல்லடையைப் பற்றிப் பேசுகிறாள், என்ன பைத்தியம் பாருங்கள்! ஆனால் பெட்டி வந்துவிட்டது. அப்படியே வீடு வீடாக.

கடைசியில் பெரிய பெட்டி ஒன்று பாக்கி. அது பெப்பி வீட்டிலேயே இருந்தது. அவள் அப்பா ரொமால்டு மாமா கப்பலில் ஃபிட்டர். போன தடவை வந்தபோது இடுப்பளவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். "இதை நான் பெருநாளுக்கு வந்து, நாம மூணு பேரும் சேந்துதான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெருநாள் நெருங்கிவிட்டது. மாமாவின் கப்பல் எங்கேயோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, சரக்கு இறக்க இடம் கிடைக்கவில்லை, சிக்னலும் இல்லை என்று கம்பெனியிலிருந்து சொன்னதோடு சரி. அவரிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. மெட்டில்டா அத்தை தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். பெப்பி அதைக் கேட்கவேமாட்டேன் என்றுவிட்டாள்.

நான் விடுவேனா? ரொமால்டு மாமா குரல் எனக்கு அல்வா. அடித் தொண்டையில் கரகரவென்று, ஆணியைக் கல்லில் தேய்ப்பதுபோல் இருக்கும். கடல் காற்றுக்கு ஒரு சட்டியை வாயருகே வைத்து ஊதிக்கொண்டேன்.

"ஏளா மெட்டில்டா."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாக, "சாப்பிட்டியளா?" என்றாள்.

"ஆச்சு ளா. இங்க ஒரே காத்து. அந்த பிளாக்ஸ் பெட்டியைப் பிள்ளைகிட்டக் குடுத்துரு. நான் வந்துதான் பிரிக்கணும்னு இல்ல."

"அப்ப, பெருநாளுக்கு வரமாட்டீய."

"கப்பல் விட்டாத்தானே ளா?"

"சரி."

வேலை முடிந்தது, வைத்துவிடலாம் என்று பார்த்தால், "வச்சிராதீய. கொஞ்சம் பேசுங்க. என்னத்தையாவது பேசுங்க" என்கிறாள். கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்ஜின் அறை வெக்கை, சமையல்காரன் வைக்கிற உப்பில்லாத சாம்பார், கேப்டனுக்குப் பல்வலி என்று வாய்க்கு வந்ததை அளந்தேன். இடையிடையே சட்டியில் ஊதினேன். சார்ஜ் தீருகிற வரைக்கும் கேட்டாள் அண்ணாச்சி. "நாளைக்கும் கூப்பிடுவீயளா?" என்றாள். "கூப்பிடுதேன் ளா" என்றேன். பாவம், அப்படியே நம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் பெட்டி பெப்பி கையில். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் ரொமால்டு மாமா. இதில் விளங்காத விஷயம் ஒன்று உண்டு. அன்றிலிருந்தே அத்தை எங்கள் வீட்டுக்குத் தினமும் மிளகு ரசம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். "கிளீட்டஸுக்குக் குடுங்க, தொண்டைக்கு நல்லது" என்றாளாம். என் தொண்டைக்கு என்ன கேடு?

சரி, ஒட்டகத்துக்கு வருகிறேன்.

ஒட்டகம் கட்டுவது லேசுப்பட்ட வேலை என்று நினைக்காதீர்கள். கொட்டிக் கவிழ்த்தால் சிவப்பு, பச்சை, நீலம், எல்லாக் கலரும் உண்டு, ஒட்டகக் கலர் மட்டும் இல்லை. "கலர் கிடக்கட்டும், ஒட்டகம் நிக்கணும்" என்றாள் பெப்பி. நான் ஒரு கால் கட்டினேன். கட்டைக்கு நேர்மேலே கட்டை, அதற்கு நேர்மேலே கட்டை, ஜோராக ஏறியது. இடுப்பளவு வந்ததும் தும்மினேன். மொத்தமும் சரசரவென்று சரிந்துவிட்டது. பெப்பி தலையில் அடித்துக்கொண்டாள். "கொத்தனார் செவரு கட்டுறதைப் பாத்ததில்லையாடா? மூட்டுக்கு மேல மூட்டு வரலாமா? கீழ ரெண்டு கல்லு சேருற எடத்துல மேல ஒரு முழுக் கல்லு உக்காரணும்." அன்றைக்குத்தான் அவள் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டேன். அதன்பிறகு அவள் கட்டினாள், நான் கட்டைகளைக் கலர் பிரித்துக் கொடுத்தேன். அதாவது, முக்கியமான வேலை முழுக்க நான்தான்.

என்ன அழகாக வந்தது தெரியுமா! சிவப்புத் திமில். மஞ்சள் கழுத்து. கண் இரண்டும் பொம்மைக் காரின் டயர். பல் வரிசைக்கு வெள்ளைக் கட்டை, நடுவில் ஒரு பல் கறுப்பு, சொத்தைப் பல்லாம், அது அவள் குசும்பு. ஐஸ் பெட்டி தள்ளுகிற வண்டியின் மேல் நிற்க வைத்தோம், திமில் என் தலைக்கு மேலே போய்விட்டது. வயிறு மட்டும் வெற்றுக்கூடு. உள்ளே ஓர் ஆள் குனிந்து நின்று கழுத்துக் கயிற்றை இழுத்தால் தலை ஆடும். தெருவில் எல்லாரும் ஆளுக்கொரு வேலையாக இருந்தார்கள், வேலை இல்லாதவன் நான்தான். உள்ளே புகுந்துவிட்டேன். நான் உள்ளே இருப்பது பெப்பியைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. வண்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் என் நீலச் செருப்பு தெரிந்தது என்று இப்போது அவள் சொல்கிறாள். பொறாமை.

போட்டி நாள். கோயில் வளாகத்தில் தெருவுக்கொரு குடில். வலைக்காரத் தெருக் குடிலைப் பார்த்தீர்களானால், பஞ்சுப் பனி, கலர் லைட், மேலே ஓர் ஆகாய விமானம் வேறு சுற்றுகிறது. பெத்லகேமில் ஏது விமானம் என்று கேட்க ஆளில்லை. ஆனால் கூட்டம் முழுக்க எங்கள் ஒட்டகத்தின் முன்னால். "ஒட்டகம், நீ நல்ல ஒட்டகமா?" தலையை மேலும் கீழும் ஆட்டினேன். "வீட்டுப் பாடம் எழுதுவியா?" பக்கவாட்டில் ஆட்டினேன். கைதட்டல். விசில்.

சாமியார் நடுவர்களோடு வந்தார். "ம்ஹ்ஹம்... பாலைவனத்துலேர்ந்து இவ்வளவு தூரம் நடந்தும் நீலச் செருப்பு தேயாம இருக்கே!" என்றார். பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு பிள்ளையிடம் சொல்லியிருப்பார். அப்புறம் குனிந்து, "ஒட்டகமே, பெத்லகேமுக்கு எது வழி?" என்றார்.

சூழ்ச்சி! பேசாவிட்டால் ஊமை ஒட்டகம். பேசினால் வழக்கம்போல யாரோ ஒருத்தர் குரல்தான் வரும், தெருவே வெளியே. சட்டென்று புத்தி வந்தது. ஒட்டகக் குரல் மனுஷக் குரல் இல்லையே! ஆனால் ஒட்டகம் எப்படிக் கத்தும் என்று எனக்கு என்ன தெரியும்? குக்கர் விசில் அடிப்பதற்கு முன் ஒரு முனகல் முனகுமே, அதையும், மழையில் நனைந்த பைக் ஸ்டார்ட் ஆகாமல் திணறுமே, அதையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன். "ங்ஙொர்ர்ர்ர்ங்ங்!" ஒரு குழந்தை அழுதது, மற்றதெல்லாம் குதித்தது. "ம்ஹ்ஹம்... ஒட்டகத்துக்குச் சளி பிடிச்சிருக்கு, வெந்நீர் குடுங்க" என்றார் சாமியார். நடுவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். கேடயம் எங்களுக்குத்தான். பாதிக் கேடயம் தெருவுக்குள் வந்துவிட்டது அண்ணாச்சி!

அப்போதுதான் மெட்டில்டா அத்தை வந்தாள்.

இடைவெளியில் அவள் சேலைக் கரை மட்டும் தெரிந்தது. திமிலில் கை வைத்திருப்பாள் போல, கட்டைகள் லேசாக நெரிந்தன. மாமா கொண்டுவந்த கட்டைகள் எல்லாம் திமிலில்தான் இருந்தன. கூட்டம் சத்தமாக இருந்தது. அவள் குரல் சின்னது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

"எப்ப வருவீய?"

ஒட்டகத்திடம் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்லவேண்டியது இல்லைதானே? தலையை ஆட்டிவிட்டு நிற்கலாம். எனக்குத் தெரியாதா? தெருவின் மானம் முழுக்க என் நாக்கு நுனியில். வெளியே பெப்பி ஒட்டகத்தின் வயிற்றில் டொக்கு டொக்கு என்று தட்டினாள். பேசாதே என்றுதானே அர்த்தம்?

அந்தச் சேலைக் கரை நகரவே இல்லை.

என் வாய் என் சொல் கேட்காது அண்ணாச்சி, அதுதான் என் வியாதி. திறந்துவிட்டது.

"ஏளா மெட்டில்டா, அழாத ளா. சாப்பிட்டியா? நங்கூரத்தை எடுத்தாச்சு. வந்துகிட்டே இருக்கேன்."

ஒட்டகத்தின் வாய் வழியாக, கரகரவென்று, ரொமால்டு மாமா குரல் வளாகம் முழுக்கக் கேட்டது. ஆகாய விமானம் சுற்றுகிற சத்தம் மட்டும்.

சாமியார் "ம்ஹ்ஹம்" என்றார். பிறகு மறுபடி "ம்ஹ்ஹம்." வாக்கியம் தொடங்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு கோபம். கடைசியில், "ம்ஹ்ஹம்... விதி விதிதான். கப்பல்காரத் தெரு போட்டியில இல்ல" என்றார்.

போயிற்று! கேடயம் வலைக்காரத் தெருவுக்கு. விமானம் வைத்த குடிலுக்கு! எனக்கு உதை நிச்சயம் என்று வயிற்றுக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் உதைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தோற்ற தெருவுக்கு ரோஷம் வேண்டாமா? ஜெயித்த குடிலைப் பார்க்கப் போகாமல், எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் தோற்ற ஒட்டகத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் ஃபிலோமி சித்தி. "எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேளு ஒட்டகமே." போட்டிதான் போய்விட்டதே, இனி என்ன பயம் என்று மூக்கால் பேசினேன். அப்படியே வரிசை முடிகிற வரைக்கும். பெப்பியாவது திட்டுவாள் என்று பார்த்தேன். கஷ்டப்பட்டுக் கட்டினவள் அல்லவா? "நான் பேசுன்னுதான் தட்டுனேன்" என்கிறாள். சும்மா, தோற்றபிறகு சமாதானத்துக்குச் சொல்கிறாள்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. கிறிஸ்துமஸ் மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள், அங்கேதான் என் திறமை.

பெப்பி வீட்டுக்குக் கேக் கொடுக்கத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். வழியிலேயே ஒரு துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். மெட்டில்டா அத்தை வாசல் படியில் நின்று போனில் யாரையோ போட்டு வாங்குவாங்கு என்று வாங்குகிறாள்.

"ஏல கிளீட்டஸ்! இன்னைக்கு என்னடே, குரலே சரியா வரல? எங்க வீட்டுக்காரரு இப்படிக் கொழகொழன்னு பேசமாட்டாரு. கரகரன்னு இருக்கும். கேக்கைத் தின்னுட்டுப் பேசுறியா? போ, போய் வெந்நீர் குடிச்சிட்டுக் கூப்புடு!"

நான் அவளுக்கு நேர் எதிரே, தட்டோடு, வாய் நிறையக் கேக்கோடு நிற்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். போனுக்குள்ளிருந்து ஓர் ஆள் கேட்கிறார்: "ஏளா, எவன் ளா அந்தக் கிளீட்டஸ்?"

ரொமால்டு மாமா! அசல் ரொமால்டு மாமா! இவ்வளவு நாள் கழித்து சிக்னல் கிடைத்து, பெண்டாட்டி குரலைக் கேட்டதும் தொண்டை அடைத்துப் பேசியிருக்கிறார், அத்தை ஃபெயில் போட்டுவிட்டாள்! அசல் ஆள் ஃபெயில், நான் பாஸ்! இந்த ஜில்லாவில் எவனுக்காவது இப்படி ஒரு பெருமை கிடைத்திருக்குமா? என் பெயரை அவள் ஏன் இதில் இழுத்தாள் என்றுதான் இன்னும் விளங்கவில்லை. பெருநாள் அன்று ஆளாளுக்கு ஒரு தடுமாற்றம்.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். போனை என் கையில் திணித்தாள். "எனக்கு வரலடே. நீயே பேசு."

கேக்கை விழுங்கினேன். "மாமா, நான் கிளீட்டஸ்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது அத்தையின் குரல்.

"சாப்பிட்டியளா? எப்ப வருவீய?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரக்கு எறங்கியாச்சு ளா. பொங்கலுக்கு முன்னாடி வந்துருவேன்" என்றார் மாமா. "வச்சிராத. கொஞ்சம் பேசு."

நம்பிவிட்டார் அண்ணாச்சி! கட்டின பெண்டாட்டி குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு! இங்கே அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியாமல் குலுங்குகிறாள், கையை ஆட்டி ஆட்டி, பேசு, பேசு என்கிறாள். பேசினேன். எனக்கே பாவமாகப் போய்விட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாக இவ்வளவு வெகுளியாகவா இருப்பார்கள்?